எட்டரை நிமிடப் பாட்டும் மூன்று குரல்களும்

'இட்ஸ் எ லாங் வே தேர்' 1975-இல் மெல்பர்னில் பதிவான ராக் பாடல். லிட்டில் ரிவர் பேண்ட் என்ற குழுவின் முதல் ஆல்பத்தில் அதுதான் முதல் பாட்டு. எழுதியவர் குழுவின் கிதார் கலைஞர்களில் ஒருவரான கிரேயம் கோபல். ஆல்பத்தில் அது எட்டரை நிமிடத்துக்கும் மேலாக ஓடுகிறது. மறு ஆண்டு அதை ஏறத்தாழப் பாதியாக வெட்டி, நாலேகால் நிமிட சிங்கிளாக அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில் அது 28-ஆம் இடம் வரை போனது. முதல் பத்துக்குள் வராத ஒரு பாட்டைப் பற்றி இன்றும் பேச்சு இருப்பதற்குக் காரணம் அந்த எண் இல்லை. அதுவரை வெளிநாட்டில் பெயர் வாங்க நினைத்த ஆஸ்திரேலியக் கலைஞர்கள் கப்பலேறி லண்டன் போனார்கள். சீக்கர்ஸ், ஈஸிபீட்ஸ், பீ ஜீஸ் எல்லாருமே அப்படிப் போனவர்கள்தான். லிட்டில் ரிவர் பேண்ட் மெல்பர்னை வீடாக வைத்துக்கொண்டே அமெரிக்க வானொலிக்குள் நுழைந்தது. நுழைய வழி விட்டது இந்தப் பாட்டு.

குழுவின் பெயர் சாலையோரப் பலகை ஒன்றிலிருந்து எடுத்தது. மெல்பர்னின் தென்மேற்கே 32 கிலோமீட்டரில் வெரிபீ. அதைத் தாண்டி ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில் இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்குள் லிட்டில் ரிவர் என்ற சிற்றூர் வருகிறது. ஒரு பக்கம் யூ யாங்ஸ் என்னும் கருங்கல் குன்றுகள், மறு பக்கம் கடலை நோக்கி விரியும் தட்டையான புல்வெளி. நடுவே ஓடும் ஆறு, பெயருக்கேற்பச் சின்னதுதான். 1975-இன் தொடக்கத்தில் குழு ஜீலாங்கில் ஒரு நிகழ்ச்சிக்காக வேனில் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர்களுக்கு இருந்த பெயர் மிஸிஸிப்பி. அது பழைய பெயர், வேறு நல்ல பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். வழியில் பலகையைப் பார்த்த பாடகர் கிளென் ஷாரக் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்தது. அமெரிக்கப் பேராற்றின் பெயரை விட்டுவிட்டு உள்ளூர் ஓடையின் பெயரை எடுத்துக்கொண்ட பிறகுதான் அமெரிக்கா இவர்களைக் கவனித்தது. டார்னீட்டிலும் விண்டம் வேலிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஜீலாங் ரயிலில் ஏறினால் விண்டம் வேலுக்கு அடுத்து வருவது அந்த லிட்டில் ரிவர் ஸ்டேஷன்தான். ஆனால் அங்கே தினமும் நிற்கிறவர்களில் பலருக்கு அந்தப் பெயரில் ஒரு குழு உலகம் சுற்றியது தெரியாது.

இந்தப் பாட்டைப் புரோகிரசிவ் ராக் என்று சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்த பாணி அது. மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது என்று நினைத்த இசைக்கலைஞர்கள், மேற்கத்திய சாஸ்திரிய இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் வடிவங்களை எடுத்து ராக் வாத்தியங்களில் வாசித்தார்கள். 1969-இல் வந்த கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் அந்தப் போக்கின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. யெஸ், ஜெனிஸிஸ், பிங்க் ஃபிளாய்டு என்று வரிசை நீள்கிறது. பாட்டு பல பகுதிகளாகப் பிரியும், தாளம் நடுவழியில் மாறும், பாடகர் வாய் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகலாம். கச்சேரியில் ராகம் தானம் பல்லவி கேட்டுப் பழகியவருக்கு இது புதிதாகப் படாது. மேடையில் முக்கால் மணி நேரம் விரிகிற அதே ராகத்தைச் சினிமாப் பாட்டு நாலு நிமிடத்தில் முடித்துவிடுகிறதல்லவா, புரோகிரசிவ் ராக்குக்கும் சாதாரண ராக்குக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நாலு நிமிடம் என்ற அளவை வைத்தது ரசனை மட்டும் அல்ல, தட்டின் அளவும்தான். ஏழு அங்குல சிங்கிள் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும். அதன் ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அடைத்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவு குறையும், வானொலியில் பக்கத்துப் பாட்டைவிட மெலிந்து கேட்கும். பன்னிரண்டு அங்குல எல்.பி. தட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பக்கத்துக்கு இருபது நிமிடம் தாராளமாக ஓடும். ஆகவே புரோகிரசிவ் ராக் எல்.பி.யிலேயே வாழ்ந்தது. சிங்கிள் வேண்டுமென்றால் கத்தி எடுக்க வேண்டியதுதான். 1971-இல் வந்த யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' இதற்கு நல்ல உதாரணம். ஆல்பத்தில் எட்டரை நிமிடம் ஓடும் பாட்டு அமெரிக்க சிங்கிளில் மூன்றரை நிமிடமாகச் சுருங்கி, 1972-இல் 13-ஆம் இடம் பிடித்தது. 

ஆஸ்திரேலியாவில் இந்த வகை இசைக்கு ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் பிழைப்பு இல்லை. மெல்பர்னில் ஸ்பெக்ட்ரம் என்ற குழு அதைக் கண்கூடாகக் காட்டியது. நியூஸிலாந்திலிருந்து வந்த மைக் ரட் நடத்திய அந்தக் குழுவின் 'ஐ'ல் பி கான்' 1971-இல் நாட்டின் முதலிடத்துக்குப் போனது. ஹார்மோனிகா வாசிப்பை வைத்துக் கட்டிய எளிய பாட்டு அது. குழுவின் மற்ற பாட்டுகளோ நீளமானவை, சிக்கலானவை, உட்கார்ந்து கேட்க வேண்டியவை. புறநகர் ஹோட்டல்களில் பியர் குடித்துவிட்டு ஆட வந்த கூட்டத்துக்கு அவை ஒத்துவரவில்லை. அதனால் ரட் அதே ஆட்களை வைத்து, பெயரைத் திருப்பி எழுதி 'மர்ட்செப்ஸ்' என்று இரண்டாவது குழு ஒன்றை உண்டாக்கினார். கச்சேரி மண்டபங்களில் ஸ்பெக்ட்ரம், ஹோட்டல்களில் மர்ட்செப்ஸ். ஒரே ஆட்கள் இரண்டு பெயரில் இரண்டு விதமாக வாசித்து வயிறு வளர்த்தார்கள். சிட்னியில் செபாஸ்டியன் ஹார்டி குழு 1975-இல் 'ஃபோர் மொமென்ட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதன் முதல் பக்கம் முழுக்க நாலு பகுதிகளாக ஓடும் ஒரே படைப்பு. சுத்தமான சிம்ஃபனி ராக் என்றால் ஆஸ்திரேலியாவில் அதைத்தான் முதலில் சொல்வார்கள். உலகச் சந்தையில் அதன் எதிரொலி சிறியதே.

அதே ஆண்டில்தான் லிட்டில் ரிவர் பேண்ட் உருவானது. அது புரோகிரசிவ் ராக் குழு அல்ல. அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுகள் எல்லாம் மென்மையான, காதுக்கு இதமான பாப்-ராக். இந்த ஒரு பாட்டில்தான் அவர்கள் அந்தப் பக்கம் அதிக தூரம் நடந்தார்கள்.

குழுவில் யாரும் புதுமுகம் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அடிலெய்டுக்கு வந்தவர் ஷாரக். 1960-களில் ட்வைலைட்ஸ் குழுவின் பாடகராக நாடறிந்தவர். பிறகு ஆக்ஸியம் குழுவில் பாடினார், லண்டன் போய் எஸ்பெரான்டோ என்ற குழுவிலும் பாடினார். எஸ்பெரான்டோ உண்மையான புரோகிரசிவ் ராக் குழு, வயலின்களோடு மேடையேறியது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பீப் பர்டில்ஸும் அடிலெய்டில் வளர்ந்தவர்தான். தலை முதல் கால் வரை ரோஸ் நிற உடையில் மேடையேறிய ஸூட் என்ற குழுவில் பேஸ் வாசித்தவர். அந்த உடைக்காகவே அவர்கள் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யை இரும்புச் சத்தத்தோடு வாசித்துத்தான் அந்தப் பெயரைக் கழுவினார்கள். கோபல் அடிலெய்டிலேயே பிறந்தவர். அவருடைய முதல் பெரிய வெற்றி ஒரு விளையாட்டு. 1971-இல் டிரம்மண்ட் என்ற புனைபெயரில் அவரும் கூட்டாளிகளும் 'டாடி கூல்' என்ற பழைய பாட்டைப் பாடி, டேப்பின் வேகத்தை ஏற்றிக் குரல்களை அணில் கீச்சுப்போல் ஆக்கி வெளியிட்டார்கள். அது முதலிடத்துக்குப் போனது. பின்னாளில் குரல்களை அடுக்குவதில் நாட்டிலேயே நுணுக்கமானவர் என்று பெயரெடுத்தவருக்கு இப்படி ஒரு தொடக்கம்.

கோபலும் பர்டில்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் டெரெக் பெலிச்சியும் மிஸிஸிப்பி குழுவில் இருந்தார்கள். 1974-இல் இங்கிலாந்து போனார்கள், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. லண்டனில் ஷாரக்கையும், முன்பு மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ் குழுவில் பேஸ் வாசித்துப் பிறகு நிர்வாகத் தொழிலுக்கு மாறியிருந்த கிளென் வீட்லியையும் சந்தித்தார்கள். ஊர் திரும்பிப் புதிதாகத் தொடங்குவது, வீட்லி மேலாளராக இருப்பது என்று முடிவானது. 1975 மார்ச்சில் மெல்பர்னில் ஒன்று கூடினார்கள். பேஸுக்கு நியூஸிலாந்துக்காரர் ரோஜர் மெக்லாக்லன் வந்தார். முன்னணி கிதாருக்கு ரிக் ஃபொர்மோஸா. ரோமில் பிறந்து கனடாவில் வளர்ந்த இளைஞர். வீட்லி முதலிலிருந்தே குறி வைத்தது அமெரிக்காவை. ஆஸ்திரேலியாவில் அன்று ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தான் இருந்தார்கள். எவ்வளவு விற்றாலும் ஆறு பேருக்கு ஆயுள் முழுக்கச் சோறு போடாத சந்தை என்பது அவர் கணக்கு.

முதல் ஆல்பம் அந்த ஆண்டின் கடைசியில் வந்தது. ஆஸ்திரேலியாவில் சிங்கிளாக முதலில் வெளியானது பர்டில்ஸ் எழுதிய 'கியூரியாஸிட்டி'. சின்னப் பாட்டு, வானொலிக்கு ஏற்றது. 'இட்ஸ் எ லாங் வே தேர்' ஆல்பத்தின் வாசலில் எட்டரை நிமிடம் நீட்டிக்கொண்டு கிடந்தது. அந்தக் கோடையில் மெல்பர்னில் இதோடு மிக நெருங்கிய தலைப்பில் ஏசி/டிசியின் 'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' வெளியானது. இரண்டுக்கும் தலைப்பைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று பேக்பைப் ஊதிக்கொண்டு ஸ்வான்ஸ்டன் தெருவில் லாரியில் போன பாட்டு. இது தனியாக நெடுந்தூரம் போகிறவனின் பாட்டு. கோபல் அடிலெய்டை விட்டு மெல்பர்னுக்குக் குடிவந்தவர். இரண்டு ஊருக்கும் இடையே சாலை வழி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி கோதுமை வயலும் வெட்டவெளியும். போய்ச் சேர வேண்டிய இடம் எட்டவே எட்டாத அந்த உணர்வைச் சொல்ல மூன்று நிமிடம் போதாது என்பதை அந்தச் சாலையில் ஒருமுறை வண்டி ஓட்டியவர் ஒப்புக்கொள்வார்.

பாட்டின் கட்டுமானம் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் குரலே இல்லை. கிதார்கள் ஒரே சீரான நடையில் அடித்துச் செல்கின்றன. தந்தி வாத்தியக் கூட்டம் அதன் மேல் மெல்லப் பரவுகிறது. கேட்பவர் இது வாத்திய இசை மட்டும்தானோ என்று நினைக்கத் தொடங்கும் நேரத்தில் குரல்கள் வருகின்றன. ஒருவர் பாடத் தொடங்க மற்றவர்கள் பின்னால் சேர்வது வழக்கம். இங்கே அடுக்கு முழுவதும் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. சரணத்திலிருந்து பல்லவிக்குப் போகும்போது குரல்கள் இன்னும் மேலே ஏறுகின்றன. நடுவில் பாட்டு நின்று கிதாருக்கு இடம் விடுகிறது. ஃபொர்மோஸா அங்கே அவசரப்படவில்லை. ஒரு சிறு சொற்கட்டை எடுத்து, திருப்பி வாசித்து, கொஞ்சம் நீட்டி, பிறகே அடுத்ததற்குப் போகிறார். கடைசியிலும் வாத்தியங்களுக்கே முடிவு சொல்லும் உரிமை. தாளம் மாறி மாறித் திகைக்கவைக்கும் வேலை எதுவும் இதில் கிடையாது. யெஸ் ரசிகர் ஒருவர் இதைக் கேட்டு, சாலை ஒரே நேர்கோடாக இருக்கிறதே என்று குறை சொல்லலாம். புரோகிரசிவ் ராக்கிலிருந்து இந்தப் பாட்டு எடுத்துக்கொண்டது அதன் நேரத்தையும் விரிவையும். தாளக் கணக்கை அது தொடவில்லை. ஆஸ்திரேலிய நிலப்பரப்புக்கு அந்த நேர்கோடுதான் பொருத்தம்.

அடுத்து நடந்தது வெட்டுதல். அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் குழுவை ஏற்றது. தட்டு வெளிவந்தது ஹார்வெஸ்ட் முத்திரையில். இ.எம்.ஐ. நிறுவனம் 1969-இல் இங்கிலாந்தில் புரோகிரசிவ் இசைக்காகவே தொடங்கிய முத்திரை அது. பிங்க் ஃபிளாய்டும் டீப் பர்பிளும் அதில்தான் வந்தார்கள், மெல்பர்னின் ஸ்பெக்ட்ரமும் அதே முத்திரையில்தான் வந்தது. எட்டரை நிமிடத்தை நாலேகால் ஆக்குவது அன்றைய ஸ்டூடியோவில் கைவேலை. கால் அங்குல டேப்பை ஓட்டி நிறுத்தி, வெட்ட வேண்டிய இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் வைத்துச் சவர பிளேடால் சாய்வாக வெட்டுவார்கள். இரண்டு முனைகளையும் ஒட்டு நாடாவால் இணைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். வெட்டு தாளத்தின் மேல் சரியாக விழுந்தால் கேட்பவருக்கு ஒட்டுத் தெரியாது. கொஞ்சம் முன்பின்னானால் பாட்டு விக்கும். சாய்வாக வெட்டுவது ஒலி திடீரென்று மாறாமல் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வழுக்கிச் செல்வதற்காக.

சிங்கிளில் எது போனது, எது நின்றது என்பதைப் பார்த்தாலே இந்தக் குழுவின் ஈர்ப்பு எங்கே இருந்தது என்று புரிந்துவிடும். போனது பெரும்பாலும் வாத்தியங்களின் நேரம். நீண்ட தொடக்கமும் கிதாரின் உலாவும்தான் குறைந்தன. நின்றது குரல். புரோகிரசிவ் பகுதி வெட்டப்பட்டது, ஹார்மனி பகுதி தப்பியது, தப்பியதைத்தான் அமெரிக்கா வாங்கியது. யெஸ்ஸின் 'ரவுண்டபவுட்' பாதியாகக் குறைந்தபோது குழுவின் அடையாளத்தில் பாதி போய்விட்டது. அங்கே கிதாரும் ஆர்கனும் பேஸும்தான் கதாநாயகர்கள். லிட்டில் ரிவர் பேண்டுக்கு அப்படி நேரவில்லை. இதைக் குறையாகவும் சொல்லலாம், பலமாகவும் சொல்லலாம். வியாபாரத்தில் அது பலமாகவே முடிந்தது.

முழு நீளப் பாட்டுக்கும் அமெரிக்காவில் இடம் இருந்தது. அங்கே 1970-களில் எஃப்.எம். நிலையங்கள் பரவிவிட்டன. ஏ.எம். நிலையங்கள் மூன்று நிமிட சிங்கிள்களைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்க, எஃப்.எம். நிலையங்கள் ஆல்பத்தின் நீண்ட பாட்டுகளை ஸ்டீரியோவில் ஒலிபரப்பின. இரவு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கு எட்டு நிமிடப் பாட்டு ஒரு பாரமல்ல. மெல்பர்ன்வாசிகளுக்கு இந்த வசதி அப்போது கிடையாது. ஆஸ்திரேலியாவில் வணிக எஃப்.எம். வானொலி வந்ததே 1980-இல்தான். அவ்வகையில் முதலாவதான மெல்பர்னின் இயான் எஃப்.எம். நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வீட்லி. அமெரிக்காவில் தன் குழுவுக்கு எது கதவு திறந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஏறும்போது அதன் நீண்ட கிதாரை வாசித்தவர் குழுவில் இல்லை. 1976-இல் ஃபொர்மோஸாவும் மெக்லாக்லனும் விலகினார்கள். டேவிட் பிரிக்ஸ், ஜார்ஜ் மெக்கார்டில் இருவரும் அவர்கள் இடத்துக்கு வந்தார்கள். கேட்பவர்கள் யாரும் இந்த மாற்றத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏனென்றால் மூன்று குரல்களும் அப்படியே இருந்தன.

அந்தக் குரல் அடுக்கு எப்படி வேலை செய்தது? ஷாரக்குக்குச் சற்றே கரகரப்பான, நம்பகமான நடுக்குரல். ஒரு கதை சொல்கிறார் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். பர்டில்ஸின் குரல் அதைவிட மென்மையானது, ஷாரக்கின் விளிம்புகளை மழுங்கச் செய்வது. எல்லாவற்றுக்கும் மேலே கோபலின் உச்சக் குரல். மூன்று பேரும் வேறு வேறு ஸ்வரத்தில் பாட, மூன்றும் சேர்ந்து ஒரு கார்டாக ஒலிக்கும். நம் இசையில் கூடிப் பாடுவது பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில், ஒரே சுருதியில். பஜனையிலும் அப்படி, கோவில் ஓதுவாரோடு சேர்ந்து பாடும்போதும் அப்படி. இங்கே நேர் எதிர். மூவரும் மூன்று தடங்களில் போனாலும் உயிரெழுத்தை ஒரே வடிவில் வாய் திறந்து பாட வேண்டும், சொல்லை ஒரே இடத்தில் முடிக்க வேண்டும், மூச்சை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் 'ஸ்' சத்தம் மூன்று முறை கேட்கும். ஸ்டூடியோவில் அதே வரியைத் திரும்பப் பாடி, முதல் பதிவின் மேல் ஏற்றினால் மூன்று குரல் ஆறாகும், ஒன்பதாகும். மேடையிலும் அதே ஒலியைக் கொண்டுவந்ததுதான் இந்தக் குழுவின் தனிச் சிறப்பு என்று பெயர். ஸ்டூடியோ மாயம் என்று நினைத்து வந்தவர்கள் நேரில் கேட்டு வாய் பிளந்தார்கள்.

காலமும் ஒத்துழைத்தது. அமெரிக்காவில் ஈகிள்ஸ் போன்ற குழுக்கள் குரல் ஒத்திசைவை வானொலியின் பொதுமொழியாக்கி வைத்திருந்தன. அந்தச் சூழலில் இவர்களின் பாட்டு வெளிநாட்டுச் சரக்காகத் தெரியவில்லை. கலிஃபோர்னியாக் குழு என்றே பலர் நினைத்தார்கள். 1977-இல் 'ஹெல்ப் இஸ் ஆன் இட்ஸ் வே' ஆஸ்திரேலியாவில் முதலிடம், அமெரிக்காவில் 14-ஆம் இடம். அது இடம்பெற்ற 'டயமன்டினா காக்டெய்ல்' ஆல்பம் அமெரிக்காவில் ஐந்து லட்சம் விற்றுத் தங்கத் தட்டு வாங்கியது. 1978-இல் 'ரெமினிஸிங்' 3-ஆம் இடம். 1979-இல் 'லோன்சம் லூஸர்' 6, அடுத்து 'கூல் சேஞ்ச்' 10. 1981-இல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், மான்ட்செராட் தீவிலிருந்த தன் ஸ்டூடியோவில் 'டைம் எக்ஸ்போஷர்' ஆல்பத்தை அவர்களுக்காகத் தயாரித்தார்.

இவற்றில் 'ரெமினிஸிங்' தனியே நின்று பார்க்க வேண்டியது. கோபல் எழுதியது. மேலோட்டமாகக் கேட்டால் பழைய காலத்து நடன இசையை நினைத்து உருகும் இனிய காதல் பாட்டு. கார்டுகளை எழுதிப் பார்க்கும் இசை மாணவருக்குத்தான் அதன் உள்ளே ஒளிந்திருக்கும் சிக்கல் தெரியும். ஜாஸில் வருவது போன்ற அடர்ந்த கார்டுகள், எதிர்பாராத இடத்தில் திரும்பும் ஸ்வரங்கள். முதல் ஆல்பத்தில் எட்டரை நிமிடமாக வெளியே விரித்துப் போட்ட லட்சியத்தை நாலு நிமிடத்துக்குள் மடித்து, யாரும் கவனிக்காதபடி வைத்துவிட்டார். புரோகிரசிவ் ராக்கின் ஆசை இந்தக் குழுவை விட்டுப் போகவில்லை, வேறு உடை போட்டுக்கொண்டது. ஜான் லெனனுக்கு மிகப் பிடித்த பாட்டுகளில் இது ஒன்று என்று சொல்வார்கள். அமெரிக்க வானொலியில் ஐம்பது லட்சம் முறைக்கு மேல் ஒலித்த பாட்டுகளின் வரிசையில் இதுவும் சேர்ந்தது.

சொந்த ஊரில் இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. பிரிஸ்பேனில் செயின்ட்ஸ் குழு 1976-இல் பங்க் இசையின் முதல் குரல்களில் ஒன்றை எழுப்பிவிட்டது. மெல்பர்ன் ஹோட்டல்களில் வியர்வையும் சத்தமும் வேண்டும் என்ற கூட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. வாரிச் சீவிய தலையும் பிசிறில்லாத ஹார்மனியுமாக அமெரிக்காவில் சம்பாதிக்கும் குழுவை விமர்சகர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்துப் பாட்டுகள் சில பளபளப்புக்குள் உயிரைத் தொலைத்தவை. ஆனால் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை முழு நீளத்தில் கேட்டவர் அதைச் சப்பென்று சொல்லத் தயங்குவார்.

குழுவுக்குள் பூசல் தொடக்கம் முதலே உண்டு. மூன்று பேருமே பாட்டெழுதுகிறவர்கள், யாருடைய பாட்டு சிங்கிளாகும் என்பதில் ஒவ்வொரு முறையும் இழுபறி. 1982-இல் ஷாரக் விலகினார், அதே வீட்லியின் நிர்வாகத்திலிருந்த ஜான் ஃபார்ன்ஹம் பாடகராக வந்தார். அவர் சில ஆண்டுகளில் விலகித் தனியாகப் பாடிய 'விஸ்பரிங் ஜாக்' ஆல்பம் 1986-இல் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய விற்பனைகளில் ஒன்றானது. அதற்குப் பணம் போட வீட்லி தன் வீட்டை அடமானம் வைத்தார். பர்டில்ஸும் கோபலும் 1980-களிலேயே வெவ்வேறு நேரத்தில் வெளியேறினார்கள். 1981-இல் கிதார் கலைஞராகச் சேர்ந்த ஸ்டீபன் ஹவுஸ்டன் கைக்குப் பெயரின் உரிமை வந்து சேர்ந்தது. 2002-இல் வழக்கு நீதிமன்றம் வரை போனது. நிறுவிய மூவரும் தாங்கள் வைத்த பெயரில் தாங்களே மேடையேற முடியாது என்று ஆனது. 'பர்டில்ஸ் ஷாரக் கோபல்' என்று மூன்று குடும்பப்பெயர்களை வரிசையாகப் போட்டுக்கொண்டு சில ஆண்டுகள் பாடினார்கள். 2004-இல் ஆஸ்திரேலிய இசைத் துறையின் ஏரியா கௌரவப் பட்டியலில் லிட்டில் ரிவர் பேண்ட் சேர்க்கப்பட்டபோதும் அவர்கள் மேடையில் நின்றது அந்த மூன்று பெயரோடுதான்.

லிட்டில் ரிவர் பேண்ட் என்ற பெயரில் அமெரிக்காவில் இப்போது சுற்றுப்பயணம் செய்யும் குழுவை நடத்துபவர் வெய்ன் நெல்சன். அமெரிக்கர், 1980-இல் பேஸ் வாசிக்கச் சேர்ந்தவர், 'த நைட் ஔல்ஸ்' பாட்டின் குரல் அவருடையது. 1975-இல் மெல்பர்ன் ஸ்டூடியோவில் அந்த எட்டரை நிமிடத்தைப் பதிவு செய்தவர்கள் யாரும் இன்றைய குழுவில் இல்லை. வீட்லி 2022-இல் கோவிட் தொற்றின் பாதிப்பால் காலமானார்.